இரண்டிஞ்சு பூச்சு

என் எழுத்து கோணும், வரி கோணாது. நாற்பது வருஷம் நூல் கட்டிச் சுவர் எழுப்பினவன் நான். கோடு போடாத தாளைத் தந்தாலும் நேராகத்தான் போவேன். அதனால் எஸ்.ஐ. ரதீஷ் சாருக்கு இதை வாசிக்க அவ்வளவு சிரமம் இருக்காது. சார் ஒரு பக்கம் போதும் என்றார். கொஞ்சம் கூடும். ஐம்பத்திரண்டு வயசில் எழுத்து படித்தவனிடம் இதுவரைக்கும் யாரும் எதையும் எழுதித்தரச் சொன்னது கிடையாது.

பெயர் ரெத்தினதாஸ். வயசு ஐம்பத்தொன்பது. நெய்யாற்றின்கரை தாலுகா குளத்தூரில் வீடு. தொழில் கொத்துவேலை. முதுகு கேட்காததால் இப்போதெல்லாம் சில்லறைப் பணிதான். ஓடு மாற்றுவேன், ஒழுக்கு அடைப்பேன், கதவு பிடிக்கிறது என்றால் போய்ச் செதுக்கிக் கொடுப்பேன்.

விழுந்தவன் மகேஷ்குமார். இறந்துபோன பூதலிங்கம் பிள்ளையின் ஒரே மகன். அவன் என்று எழுதுகிறேன். நிக்கர் போட்ட காலம் தொட்டுப் பார்த்தவன் என்பதால். மரியாதைக் குறைவு என்று எடுக்க வேண்டாம்.

அவன் குடும்பத்தில் மூன்று தலைமுறை சர்க்கார் குமாஸ்தா. எழுதி எழுதியே நிலம் சேர்த்தவர்கள். மகேஷ் எழுதவில்லை, வரைந்தான். கட்டடம் வரைகிற படிப்புக்குத் திருவனந்தபுரம் போனான். படிக்கும்போதே எங்கள் முக்குக்கு ஒரு பஸ் ஸ்டாப் வரைந்து பஞ்சாயத்தில் கொடுத்தான். அதைக் கட்டினது நான். கூரை கப்பல் மாதிரி வளைந்து நிற்கும். மழை பெய்தால் உள்ளே நிற்கிறவன்தான் முதலில் நனைவான். அதற்கு டெல்லியில் பரிசு கிடைத்தது.

அப்புறம் சென்னையில் ரெண்டு வருஷம், சிங்கப்பூரில் நாலு. அங்கிருந்து லண்டனில் ஒரு பெரிய கம்பெனி. அங்கே போனவுடன் முழுக் கட்டடமும் தரமாட்டார்களாம். முதலில் கக்கூஸ் வரையணும். அப்புறம் கார் நிறுத்துகிற இடம். அப்புறம் படிக்கட்டு. ஒன்றரை வருஷம் வெறும் படிக்கட்டு மட்டும் வரைந்தேன் தாஸண்ணா என்று அவனே சொல்லியிருக்கிறான். படிக்கட்டு நன்றாக வரைந்ததால் கூரை கொடுத்தார்கள். கூரை நன்றாக வந்ததால் ஒரு முழு மியூசியம் கொடுத்தார்கள், கத்தரில். அவன் உத்தியோகத்தில் மேலே ஏறினதே படிக்கட்டு வழியாகத்தான். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்த மியூசியத்துக்கு மண் சுமந்தவர்களில் நானும் ஒருத்தன். அதே சமயம் எனக்கும் கத்தரில்தான் பணி. ஒரு நாள் கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய போர்டு வைத்தார்கள். அதில் அவன் முகம். நான் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "இது எங்க ஊருப் பிள்ளையாக்கும்" என்றேன். அம்பூரிக்காரன் ஒருத்தன் சிரித்தான். "ஓய், உங்க ஊருன்னா அப்பம் அந்தப் பேரை வாசியும் பாப்போம்." எனக்கு வாசிக்கத் தெரியாது. அவன்தான் வாசித்தான். அன்றைக்கு முடிவு செய்ததுதான் எழுத்து படிப்பது. ஊருக்கு வந்ததும் ஸ்ரீகுமாரி டீச்சரின் சாட்சரதா கிளாஸில் சேர்ந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் ஆனதால் மலையாளமும் தமிழும் ரெண்டும் படிப்பித்தாள்.

இனி அளவைப் பற்றி எழுதணும். அது இல்லாமல் சாருக்கு ஒன்றும் புரியாது.

வீட்டு அளவு சாஸ்திரம் தெரிந்த ஒற்றசேகரமங்கலம் சுயம்பு ஆசாரிக்கு நான் இருபது வருஷம் கையாள். அளவுகோலின் ஒரு நுனியை அவர் பிடிப்பார், மறு நுனியை நான். ஒரு கோல் என்றால் இருபத்துநாலு விரல், ஒரு விரல் என்றால் மூன்று சென்டி. ஒரு வீட்டைச் சுற்றி அளந்தால் அந்தச் சுற்றளவுக்கு ஒரு வயசு உண்டு. பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம். இந்த அஞ்சில் ஒன்று. மரணம் கழிந்தால் மறுபடியும் பால்யம். அரைக்கோல் கூடினாலோ குறைந்தாலோ வீடு ஒரு வயசிலிருந்து அடுத்ததுக்குச் சாடிவிடும். மரணத்தில் நிற்கிற அளவுக்கு மரணச்சுற்று என்று பேர். அந்த அளவில் ஒருத்தரும் மாட்டுக்கொட்டில்கூடக் கட்டமாட்டார்கள். இந்தக் கணக்கை ஆசாரி எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு நானாகப் பிடித்தேன். ஊரில் யார் வீடு கட்டினாலும் மூலைக்கு முளை வைத்துக் குற்றியடிக்கிற அன்றைக்கு, "தாசு அண்ணனைக் கூப்பிடு, வயசு பாக்கணும்" என்பார்கள். அன்றைக்கு மட்டும் எனக்கு நாற்காலி உண்டு.

கிளாஸில் சேர்ந்த மூன்றாம் வருஷம் டீச்சர் ஒரு மலையாள வாரப் பத்திரிகையைத் தந்தாள். "அண்ணா, உங்க ஊருக்காரருக்க பேட்டி. தனியா இருந்து வாசியுங்க, நான் உதவ மாட்டேன்." முக்கால் மணிக்கூர் ஆனது. நான் முதன்முதலில் முழுசாக வாசித்தது அதுதான். அதில் மகேஷ் சொல்லியிருந்தான்: எங்கள் ஊரில் ஒரு மேஸ்திரி இருக்கிறார், வீட்டுக்கு வயசு உண்டு என்பார், எந்த நாட்டில் பேசப்போனாலும் அவர் படத்தைத்தான் முதலில் காட்டுவேன், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் பேச ஆரம்பிப்பேன். பக்கத்தில் அந்தப் படம். கையில் கோலோடு நான். வாய் திறந்திருந்தது.

சிரித்து என்ற வார்த்தையை நாலு தடவை எழுத்துக்கூட்டினேன். நாலு தடவையும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன். டீச்சரிடம் புஸ்தகத்தைத் திருப்பிக்கொடுத்து, நல்ல பேட்டி என்றேன்.

மறு வருஷம் மகேஷ் சொந்த மண்ணில் அம்மாவுக்கு வீடு கட்ட ஆரம்பித்தான். அவன் லண்டனிலிருந்து படத்தை அனுப்புவான். சைட்டைப் பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து ஜெஸ்னா என்று ஒரு எஞ்சினியர் பெண்ணை வைத்தான். கொத்துவேலைக்கு என்னையே கூப்பிட்டான். அவனுடைய அம்மா உமையம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "தாசே, அவன் இதையொண்ணும் நம்ப மாட்டான். நீ பாத்து நல்ல வயசுல நிறுத்திக் குடுக்கணும், கேட்டியா."

"அது நான் பாத்துக்கிடுவேன் அம்மா" என்றேன்.

குற்றியடிக்கிற அன்றைக்கு மகேஷ் வீடியோவில் வந்தான். நான் கோலை எடுத்ததைப் பார்த்துச் சிரித்தான். "தாஸண்ணா, நான் வரைஞ்ச ஏர்போர்ட்ல வருஷத்துக்கு நாலு கோடி பேரு கடந்து போறாங்க. அதுக்கு என்ன வயசு?"

"அதுக்கு வயசு கிடையாது மக்கா. அங்க யாரும் குடியிருக்கலியே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை அவனைப் பார்த்து. ஆனால் அது எனக்குப் போதவில்லை.

படத்தை அளந்து பார்த்தேன். சதுர வீடு. சுற்றளவு பால்யத்தில் நின்றது, தொடக்கத்தில், ஓரத்தை ஒட்டி. அவன் அறியாமலே நல்ல இடத்தில் வந்திருந்தது. நான் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று விரல் குறைத்தேன். நாலு பக்கத்துக்கும் பன்னிரண்டு விரல், அரைக்கோல். வீடு பின்னுக்கு நகர்ந்து மரணத்துக்குள் போனது. சாதாரணமாகப் பூசுகிற அரை இஞ்சு பூச்சையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். அப்போதும் மரணம்தான்.

மூலைக்கு மூலை சரியாக இருந்ததால் ஜெஸ்னாவுக்குச் சந்தேகம் வரவில்லை. டேப் பிடித்தபோது மட்டும், "மேஸ்திரி, ஒம்பது சென்டி குறையுதே" என்றாள். "பூச்சு வரும்போ சரியாவும் மோளே" என்றேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

சுவர் முடிந்ததும் முதுகு பிடித்துக்கொண்டு நான் ரெண்டு மாசம் படுத்துவிட்டேன். அந்தச் சமயத்தில் மகேஷ் மனசு மாறி, வெளியே சிமெண்டு பூச்சு வேண்டாம், மண்ணும் சுண்ணாம்பும் கலந்து ரெண்டு இஞ்சு கனத்தில் போடணும் என்று சொல்லி அனுப்பினான். ஏதோ பாலைவன தேசத்தில் கண்ட வித்தை. வங்காளத்துப் பணிக்காரர்கள் வந்து அப்பிவிட்டுப் போனார்கள். எழுந்து போய்ப் பார்த்தேன். நல்ல செம்மண் நிறம், கை வைத்தால் குளிர்ச்சி. கண்ணால் பார்த்தேன், கணக்கால் பார்க்கவில்லை.

பால்காய்ச்சு நடந்தது. மகேஷ் ஒரு வருஷம் இங்கிருந்தே வேலை பார்ப்பதாக வந்து தங்கினான். மாடியில் வரைகிற அறை. அங்கே போக ஒரு படிக்கட்டு. கனத்த அயனி மரப் பலகைகள். ஒவ்வொன்றும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பில் நாலு போல்ட்டில் நிற்கும். கைப்பிடி கிடையாது. பார்த்தால் காற்றில் நிற்கிற மாதிரி இருக்கும். உமையம்மாளுக்கு முட்டுவலி, மேலே ஏறமாட்டாள். அவன் மட்டும்தான் ஏறுவான், இறங்குவான். இறங்கும்போது போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவான்.

நான் காத்திருந்தேன்.

வாரத்துக்கு ஒரு முறை போய் விசாரிப்பேன். "அம்மா, சொகந்தானா? காய்ச்சல், தலைவலி ஒண்ணும் இல்லியே? மகேஷுக்கு வயித்துக்கு ஒண்ணும் செய்யலியே?" ஒன்றும் இல்லை. ஓணம் கழிந்தது, ஒரு தும்மல் கிடையாது. உமையம்மாளின் சர்க்கரை குறைந்தது. காய்க்காத பலா காய்த்தது. "இந்த வீட்டுக்கு வந்தபொறவு எனக்கு உறக்கம் நல்லா வருது தாசே. உன்ன மாதிரி வந்து விசாரிக்கியதுக்குச் சொந்தத்துல ஒருத்தரும் கிடையாது" என்று சொல்லி அவள் எனக்குப் பழம் உரித்துத் தந்தாள். தின்றேன்.

சார், இதை யோசித்துப் பார்க்கணும். மகேஷ் சிரித்ததுகூடப் பெரிசில்லை. மரணச்சுற்றில் இருந்துகொண்டு ஒருத்தன் தடித்து வருகிறான் என்றால், நான் நாற்பது வருஷம் பிடித்த கோல் வெறும் கம்பு. அந்த நாற்காலி பொய். அப்போது அவன் காட்டின படம்தான் உண்மை.

பங்குனியில் அவனுக்கு இன்னொரு பெரிய பணி கிடைத்தது. ஏதோ ஒரு தீவில் புது ஏர்போர்ட். முழுக்க அவன் பொறுப்பு, மூன்று வருஷம். அவன் தொழிலில் இதுக்கு மேலே ஒரு படி கிடையாதாம். ஊரே போய் வாழ்த்தியது, நானும் போனேன். "வியாழாழ்ச்ச பிளைட்டு தாஸண்ணா" என்றான். "மரணச்சுற்றுன்னு சொல்லுவீங்களே, அப்படி ஒரு வீடு காட்டித் தாங்க, படம் எடுத்துக்கிட்டுப் போறேன்." அவன் அறியாமல்தான் கேட்டான். அந்த வீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் கேட்டான்.

ஒரு வீட்டின் கணக்கு அதன் வாசற்படி வரைக்கும்தான் எட்டும். பிளைட்டில் ஏறிவிட்டால் எட்டாது. நான் பிறந்தது முதல் கையாள். கொத்தனுக்குக் கையாள், ஆசாரிக்குக் கையாள். சாஸ்திரத்துக்கும் ஒரு கையாள் வேண்டிவந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாடியில் ஒழுக்கு அடைக்க என்று போனேன். மகேஷ் பாஸ்போர்ட் விஷயமாக வெளியே போயிருந்தான். உமையம்மாள் அடுக்களையில் இருந்தாள். மேலிருந்து நாலாவது படியில் மூன்று போல்ட்டைக் கழற்றினேன். ஒன்றை விட்டுவைத்தேன், கையால் முறுக்கின அளவுக்கு. ஒன்றை ஏன் விட்டாய் என்று சார் ரெண்டு தடவை கேட்டார். நாலையும் கழற்றினால் அது கொலை. ஒன்றை விட்டால் முடிவு சாஸ்திரத்தின் கையில். இறங்கி வரும்போது அந்தப் படியில் கால் வைக்காமல் தாண்டினேன். உமையம்மாள் கட்டன்சாயா தந்தாள்.

புதன்கிழமை காலை விழுந்தான். நான் பக்கத்து வீட்டுப் புரையிடத்தில்தான் இருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன். முதலில் தூக்கினது நான். இடுப்பும் முதுகெலும்பும். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். நர்ஸுமார் நான் அவன் அப்பா என்று நினைத்தார்கள். தீவுப் பணி அவனுக்கு அடுத்த நிலையில் இருந்தவனுக்குப் போனது. போல்ட் சரியாக முறுக்காமல் விட்டதற்கு ஜெஸ்னாதான் காரணம் என்று பேச்சு வந்தது. அவள் வேலை போனது. அது எனக்குச் சங்கடம்தான். ஆனால் ஒன்பது சென்டி குறைந்ததைக் கண்டும் விட்டவள், கொஞ்சம் பொறுப்பு அவளுக்கும் உண்டு.

ஞானசிகாமணியின் சாயாக்கடையில் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும். அது மரணச்சுற்று."

ஞானசிகாமணி வடைச்சட்டியை விட்டுவிட்டு வந்தான். "என்ன ஓய் சொல்லுதீரு. நீரு கெட்டின வீடுதானே?"

"படம் அவனுக்கது. நான் சொன்னா கேப்பானா?"

அன்றிலிருந்து எனக்கு நடக்கிற வழியெல்லாம் மரியாதை. அஸ்திவாரம் போட்டவர்கள் வந்து கூப்பிட்டார்கள். பேச்சு உமையம்மாள் காதுக்கும் போனது. அவள் அழுதாள். மகேஷ் என்னைக் கூப்பிட்டான். நடை பழக வைத்த சட்டத்துக்கு நடுவில் இரும்புக் கம்பியைப் பிடித்து நின்று பழகிக்கொண்டிருந்தான். வியர்த்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"தாஸண்ணா. ஒண்ணு அளந்து பாருங்க."

சார், அந்த ஒரு வாக்குக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று எழுத எனக்கு எழுத்து போதாது. நாடு நாடாக என் படத்தைக் காட்டினவன், அளந்து பாருங்க என்கிறான். அதோடு நிறுத்தியிருக்கணும். நான் நிறுத்தவில்லை. "நான் அளந்தா நானே சொன்னதாவும் மக்கா. சுயம்பு ஆசாரியைக் கூட்டிட்டு வாறேன். ஊரு பாக்கட்டு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வந்தார். வயசு எண்பத்தொன்று, கண் மட்டும் கூர்மை. முற்றத்தில் அறுபது பேராவது நின்றார்கள். ஜெஸ்னாவும் வந்து ஒரு ஓரமாக நின்றாள். பழையபடி ஒரு நுனியை அவர் பிடித்தார், மறு நுனியை நான். நாலு சுவரும் அளந்தாகிவிட்டது. அவர் கரித்துண்டால் மதிலில் எழுதி எழுதி அழித்தார். அப்புறம் திரும்பினார்.

"பால்யம். நல்ல பால்யமாக்கும்."

"கணக்கு தப்பிப்போச்சு ஆசாரியே, இன்னும் ஒருக்க பாரும்" என்றேன்.

"எலே தாசு, இது பூசின சுவரா, பூசாத சுவரா?"

"பூசினது."

"எத்தன கனம்?"

"ரெண்டு இஞ்சு."

"நாலு பக்கம், பக்கத்துக்கு ரெண்டு முனை. எட்டு ரெண்டு பதினாறு இஞ்சு. பதிமூணரை விரலு கூடியிருக்கு. நீ பச்சைச் சுவரை அளந்து வச்சிட்டு மரணம் மரணம்னு சொல்லிட்டு நடந்தியா? இருவது வருஷம் கோலு பிடிச்சியே, கேட்டுப் படிக்கப்பிடாதா?"

நான் எடுத்தது பன்னிரண்டு விரல். பாலைவனப் பூச்சு திருப்பிக்கொடுத்தது பதிமூன்றரை. வீடு அவன் வரைந்த இடத்துக்கே, அதுக்கும் ஒன்றரை விரல் தள்ளியே, போய் நின்றிருந்தது. அவன் குடியேறின நாளிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறது.

அறுபது பேரும் சிரித்தார்கள். எனக்கு வாய் திறந்திருந்தது என்று நினைக்கிறேன்.

சிரிக்காதவள் ஜெஸ்னா மட்டும்தான். "அளவு நல்லதுன்னா அப்பம் படி எப்பிடி விழுந்துச்சு?" என்று மெல்லக் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போனாள். விழுந்த படி அதுவரைக்கும் மாடியறையில் சாத்தித்தான் இருந்தது. நாலு துவாரத்தில் ஒன்றுதான் கிழிந்திருந்தது. மற்ற மூன்றும் சுத்தம். போல்ட் இழுத்த தடமே இல்லை. அவள் மேலே நின்று என்னைக் கூப்பிட்டாள். "மேஸ்திரி, உங்க பையை ஒண்ணு திறந்து காட்டுங்க."

மூன்று போல்ட்டும் என் கொத்துப்பையில்தான் இருந்தன. நல்ல துருப்பிடிக்காத இரும்பு. எறிய மனசு வரவில்லை.

ஆக, ரதீஷ் சார் கேட்டதற்குப் பதில்: ஆம், நான்தான் கழற்றினேன். குடிபோதையில் இல்லை. யாரும் தூண்டவில்லை. ஜெஸ்னா மோளுக்கு அவள் வேலை திரும்பக் கிடைக்க இந்தத் தாள் உதவுமென்றால் ஒரு நகல் எடுத்துக்கொடுக்கவும்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளணும். அன்றைக்கு முற்றத்தில் சிரித்தவர்கள் யாரும் நின்று யோசிக்கவில்லை. நான் இங்கே ஸ்டேஷனில் ரெண்டு நாள் இருந்து யோசித்தேன். நான் வைத்த அளவு நின்றிருந்தால் மகேஷ் அன்றைக்கே செத்துப்போயிருப்பான். போகவில்லை. ஏன் என்றால் வீடு பால்யத்தில் நின்றது. பால்யத்தில் பிள்ளைகள் விழும். விழுந்து, கம்பியைப் பிடித்து எழும்பி நிற்கும். நேற்று பார்க்க வந்த ஸ்ரீகுமாரி டீச்சர் சொன்னாள், மகேஷ் மூன்று அடி எடுத்து வைத்தானாம், அம்மா கையைத் தட்டினாளாம். கணக்கு ஒரு விரல்கூடப் பிசகவில்லை சார்; அடுத்த தடவை வெளிநாட்டில் என் படத்தைக் காட்டும்போது இதையும் அவன் சொல்லணும்.